பேனர் துணியில் ஒரு மிதவை: தேவனாம்பட்டினத்தில் நீவாடு அளந்த விதம்

பதினொன்றாம் வகுப்புக்கு அலைகள் பாடம் நடத்தும்போது வருடம் தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடும். "அலை எல்லாம் கரையைப் பார்த்துத்தானே வருது மிஸ், அப்ப சில்வர் பீச்சுல விட்ட செருப்பு ஏன் தாழங்குடா பக்கம் போயி ஒதுங்குது?" சில்வர் பீச் என்பது தேவனாம்பட்டினத்துக் கடற்கரை, தாழங்குடா அதற்கு வடக்கே. பாடப்புத்தகத்தில் இருக்கும் பதில் பாதிதான். அலை தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை, ஆற்றலைத்தான் கடத்துகிறது என்று எழுதிப்போடலாம். செருப்பை இழுத்துக்கொண்டு போனது எது என்பதற்கு அதில் பதில் இல்லை. கடலூர்ப் பக்கத்து மீனவர்களிடம் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: நீவாடு. தண்ணீரின் ஓட்டம்.

அந்த நீவாட்டை அளக்க ஒரு மிதவை செய்தோம். செய்த விதம், கடலில் விட்டபோது நடந்தது, அப்புறம் கைக்கு வந்த எண்கள், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பாட்டிலை ஏன் ஒதுக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். மூடிய பாட்டிலைக் கடலில் போட்டுவிட்டு அது போகும் வழியைப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் பாட்டிலில் பாதி தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். அதைத் தள்ளுவது காற்று. நமக்கு வேண்டியது காற்றுக்குப் பிடிகொடுக்காமல், தண்ணீர் போகிற போக்கில் போகிற ஒரு பொருள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா கரையோரத்தில் நடந்த ஓர் ஆய்வுக்காக ரஸ் டேவிஸ் என்ற கடலியலாளர் இதற்கு எளிமையான ஒரு வடிவம் கண்டுபிடித்தார். நடுவில் ஒரு கம்பு, அதைச் சுற்றி கூட்டல் குறி போல நாலு பாய்கள், எல்லாமே தண்ணீருக்குள். மேலே சின்ன மிதப்புகளும் ஆன்டெனாவும் மட்டும் தெரியும். இன்றைக்கும் கரையோர நீரோட்டத்தை அளக்க உலகமெங்கும் புழங்குவது இந்த வடிவம்தான். நான் செய்தது அதன் ஏழை வீட்டுப் பிள்ளை.

சட்டத்துக்கு முக்கால் இஞ்ச் பிவிசி பைப். நடுக்கம்பை இரண்டு துண்டாக வெட்டி கப்ளிங் போட்டுக்கொண்டேன், பஸ்ஸில் எடுத்துப்போக வசதி. மேலே ஒரு கிராஸ், கீழே ஒரு கிராஸ், ஒவ்வொன்றிலிருந்தும் 45 சென்டிமீட்டர் நீளத்தில் நாலு கைகள். கிராஸில் நாலு வாய்தான் இருக்கும், நடுக்கம்பு போக ஐந்தாவது வாய் கிடையாது. அதனால் கிராஸின் நட்டநடுவில் ஓட்டை போட்டு, அதில் கம்பை நுழைத்து, சுற்றிலும் எம்-சீல் அப்ப வேண்டியிருந்தது. இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. கடலில் மொத்த இழுப்பும் இங்கேதான் வந்து உட்காரும். கைகளுக்கு சொல்யூஷன் போடவில்லை, கழற்றி மாட்டும்படி போல்ட் போட்டுக்கொண்டேன்.

எல்லா பைப்பிலும் ஒரு சாணுக்கு ஒன்றாக ஓட்டை போட்டுவிட வேண்டும். உள்ளே காற்று அடைத்திருந்தால் சட்டம் மிதக்கப் பார்க்கும். நமக்கு அது மூழ்கித்தான் இருக்க வேண்டும்.

பாய்க்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். ஒவ்வொரு பாயும் 45 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் உயரம். பேனர் கடைக்காரரே ஓரத்தை மடித்து ஐலெட் அடித்துக் கொடுத்தார். எங்களுக்கு வாய்த்தது ஒரு காதணி விழா பேனர். தாய்மாமன்மார் வரிசையாகக் கைகூப்பி நிற்கும் பகுதி ஒரு பாய்க்குச் சரியாக அமைந்துவிட்டது. வங்கக் கடல் மீன்களுக்கு இவ்வளவு மரியாதை அதற்கு முன் கிடைத்திருக்காது.

கம்பின் உச்சியில் மிட்டாய் ஜார். அதற்குள் யாரும் தொடாத ஒரு பழைய போன், ஷூ பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலம், ஆடாமல் இருக்க ஸ்பாஞ்ச். மூடியின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, அதன்மேல் சைக்கிள் டியூப் துண்டை இழுத்து மாட்டினோம். போனில் இரண்டு ஆப் ஓடின. ஒன்று 10 விநாடிக்கு ஒருமுறை ஜிபிஎஸ் இடத்தைப் பதியும். மற்றது முடுக்கமானியைப் பதியும், அதாவது ஜார் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை. பங்குனி வெயிலில் மூடிய ஜாருக்குள் போன் சூடாகித் தானாகவே அணைந்துவிடும். அதற்காக அலுமினியத் தாள் சுற்றினால் ஜிபிஎஸ் சிக்னல் உள்ளே வராது. வெள்ளைத் துணிதான் சரி. சிக்னல் உப்புத் தண்ணீரையும் தாண்டாது. அதனால் ஜாரின் மேல் 10 சென்டிமீட்டராவது வெளியே இருந்தாக வேண்டும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. தண்ணீருக்குள் இருக்கும் பரப்புக்கும் வெளியே தெரியும் பரப்புக்கும் உள்ள விகிதம் 40-க்குக் கீழே போகக்கூடாது என்பது இந்த மிதவைகளைச் செய்பவர்களின் பழைய விதி. நேராகப் பார்த்தால் எங்கள் பாய்களின் பரப்பு இரண்டு பாய் சேர்ந்து 8,100 சதுர சென்டிமீட்டர். வெளியே ஜார் 100, நாலு மிதப்பும் சேர்ந்து 80, தூரத்திலிருந்து தெரிவதற்காகச் செருகிய மெல்லிய ஃபைபர் குச்சி 20. மொத்தம் 200. விகிதம் 40-ஐ ஒட்டி நிற்கிறது.

இதைப் பார்த்துவிட்டு, எங்களைப் படகில் கூட்டிப்போக ஒத்துக்கொண்ட அண்ணன், "ஒரு கொடி கட்டுங்க டீச்சர், இல்லன்னா அலையில தேடிக்கிட்டு கிடக்கணும்" என்றார். 20-க்கு 15 சென்டிமீட்டரில் ஒரு குட்டிக் கொடி கட்டினாலே 300 சதுர சென்டிமீட்டர் கூடிவிடும், விகிதம் 16-க்கு வந்துவிடும். கொடிக்குப் பதிலாகக் குச்சியில் சைக்கிள் ரிஃப்ளெக்டர் டேப்பைச் சுற்றினோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. தேடுகிறவர் அவர்தானே.

அடுத்து, மிதப்பைச் சரிசெய்வது. முழுச் சட்டமும் சுமார் 4 கிலோ. அதில் பெரும்பகுதி, கம்பின் அடியில் வைத்த கான்கிரீட் துண்டு. ஈயக்குண்டு சுலபமாகக் கிடைக்கும், ஆனால் மிதவை தொலைந்துபோனால் ஈயத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்ததாகிவிடும். 4 கிலோ பொருள் நல்ல தண்ணீரில் 4 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு மிதக்கும். அதுவே கடல்நீரில் 3.9 லிட்டர் போதும், கடல்நீரின் அடர்த்தி இரண்டரை சதவீதம் அதிகம் என்பதால். அந்த 100 மில்லி வித்தியாசத்தில் ஜார் ஒரு சென்டிமீட்டர்போல எழும்பிக் காற்றுக்கு இன்னும் கொஞ்சம் முகம் காட்டும். அதனால் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடித்து மரக்காணத்துக் கல் உப்பு 7 கிலோ கரைத்து எங்களுக்கென்று ஒரு கடல் தயாரித்தோம்.

90 சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டம் டிரம்முக்குள் எப்படிப் போகும் என்று பையன்கள் கேட்டார்கள். போக வேண்டாம். கழற்றி, பாயைச் சுருட்டி, கட்டாகக் கட்டிப் போட்டாலும் மிதப்பு மாறாது. ஆர்க்கிமிடீஸுக்குக் கனஅளவு மட்டும்தான் கணக்கு, வடிவம் அல்ல. கட்டு மூழ்கி, ஜாரில் மார்க்கர் கோடு வரை தண்ணீர் வரும்படி கான்கிரீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் குறைத்தோம். வலைக்குக் கட்டும் நாலு மிதப்பையும் கைகளின் நுனியில் ஒரு சாண் நைலான் கயிற்றில் தொங்கவிட்டோம். இறுக்கிக் கட்டினால் ஒவ்வொரு சிற்றலைக்கும் சட்டம் முழுவதும் உதறும்.

ஃபைபர் போட்டில் லைஃப் ஜாக்கெட்டோடு கிளம்பினோம். கரையிலிருந்து 800 மீட்டர் போனதும் அண்ணன் கயிறு விட்டுப் பார்த்து, "நாலு பாகம்" என்றார், ஏறத்தாழ 7 மீட்டர் ஆழம். கடற்காற்று எழும்பும் வரை அங்கேயே காத்திருந்தோம். காற்றே இல்லாத கடலில் சோதித்தால் பாட்டிலும் மிதவையும் ஒன்றாகவே போகும், எதுவும் தெரியவராது. பதினொன்றரை மணிக்குத் தென்கிழக்கிலிருந்து காற்று பிடித்து அங்கங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கியது. மிதவையையும், அடியில் கொஞ்சம் மணல் போட்டு மூடிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் ஒரே இடத்தில் இறக்கினோம். பாட்டிலிலும் ஒரு சின்ன ஜிபிஎஸ் கருவி இருந்தது.

பத்து நிமிடத்திலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. பாட்டில் துள்ளிக்கொண்டு வடமேற்கே கரையைப் பார்த்து ஓடியது. மிதவை காற்றைக் கண்டுகொள்ளவே இல்லை, ரிஃப்ளெக்டர் குச்சியை மட்டும் காட்டிக்கொண்டு நேர் வடக்கே நகர்ந்தது. "வன்னி நல்லா இழுக்குது" என்றார் அண்ணன். வன்னி என்பது தெற்கேயிருந்து வடக்கே போகும் ஓட்டம். ஐப்பசி, கார்த்திகையில் இது திரும்பி வடக்கேயிருந்து தெற்கே ஓடும், அதற்குத் தெண்டி என்று பேர். தலைகீழாகத் திரும்பும் இந்த ஓட்டத்தைத்தான் கடலியலாளர்கள் கிழக்கு இந்தியக் கரையோர நீரோட்டம் என்கிறார்கள். அட்லாண்டிக்கின் வளைகுடா ஓட்டம், ஜப்பானின் குரோஷியோ போன்றவை வருடம் முழுக்க ஒரே திசையில் ஓடுகின்றன. நம்முடையது பருவக்காற்றுக்கு ஏற்பத் திரும்பிக்கொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாசி, பங்குனியில் வடக்கே ஓடும் இந்த ஓட்டத்தை நம் கரையில் அடிக்கும் காற்று மட்டும் தள்ளுவதில்லை. அந்த மாதங்களில் வங்கக் கடல் முழுவதன்மேலும் வீசும் காற்று தண்ணீரைக் கடிகாரச் சுற்றில் சுழலவைக்கிறது. பூமி உருண்டையாகச் சுழல்வதால் அந்தச் சுழலின் மேற்கு ஓரம் நெருங்கி வேகம் பிடிக்கிறது. அந்த மேற்கு ஓரம்தான் தமிழ்நாடும் ஆந்திரமும். மழைக்காலத்தில் தெற்கே திரும்புவதற்கு வடகிழக்குப் பருவக்காற்றோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. நிலநடுக்கோட்டில் கிளம்பும் கெல்வின் அலைகள் அந்தமான் பக்கம், பர்மா, வங்கதேசம் என்று வங்கக் கடலின் விளிம்பையே சுற்றிக்கொண்டு நம் கரைக்கு வந்து சேருகின்றன. கண்ணால் பார்க்க முடியாத அலை அது. உயரம் ஒரு சாண் இருந்தால் பெரிது, நீளமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். தேவனாம்பட்டினத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த காற்றுக்கும் பங்கு இருக்கிறது. நாங்கள் நின்ற ஆழம் குறைந்த இடம் இந்தப் பெரிய ஓட்டத்தின் ஓரம் மட்டும்தான். அதன் முழு வேகம் இன்னும் வெளியே, கண்டத்திட்டு சரியும் இடத்தில் இருக்கிறது.

நாற்பது நிமிடம் கழித்து இரண்டையும் எடுத்தோம். பாட்டில் அலை உடையும் இடத்தை நெருங்கிக்கொண்டிருந்ததால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டியிருந்தது. மிதவையைத் தேடும்போது அண்ணன் கொடியைப் பற்றி மறுபடி ஏதோ சொன்னார். என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பதிவை விரித்துப் பார்த்தோம். போனின் ஜிபிஎஸ் சாதாரணமாகவே 5 மீட்டர் அங்கே இங்கே தடுமாறும். 10 விநாடியில் மிதவை நகர்வதோ இரண்டரை மீட்டர். அடுத்தடுத்த புள்ளிகளை வைத்து வேகம் கணக்கிட்டால் ஒரு நொடி தெற்கே ஓடும், அடுத்த நொடி கரையேறும். ஐந்து ஐந்து நிமிடமாகச் சராசரி எடுத்த பிறகுதான் கோடு கோடாகத் தெரிந்தது. மிதவை 600 மீட்டர் வடக்கே போயிருந்தது, விநாடிக்கு 0.25 மீட்டர். இதே போக்கில் ஒரு நாள் முழுக்க ஓடினால் 21 கிலோமீட்டருக்கு மேல். கடலூரில் விட்டால் மறுநாள் ஏறத்தாழ புதுச்சேரி. பாட்டில் வடக்கே மட்டுமே 1,100 மீட்டர் தாண்டியிருந்தது, மேற்கே 500 மீட்டர். பாட்டிலை நம்பியிருந்தால் நீவாட்டின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் போயிருக்கும், திசையும் கெட்டிருக்கும்.

இப்போது முடுக்கமானிப் பதிவு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஜார் ஏறி இறங்கிய கோட்டில் முகட்டுக்கு முகடு சராசரி 9.2 விநாடி. படகிலிருந்து ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணிய பெண்பிள்ளைகளுக்கும் அதையொட்டியே வந்தது. ஆழ்கடலில் அலையின் வேகத்தைக் காண, அலைநேரத்தை, அதாவது முகட்டுக்கு முகடு ஆகும் விநாடியை, 1.56-ஆல் பெருக்கினால் போதும். 9.2 விநாடி அலை விநாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்திருக்கிறது. அலையின் நீளம் 130 மீட்டர் அளவில். அதில் பாதி ஆழத்துக்குக் கீழே அலையின் ஆட்டம் இருக்காது. நாங்கள் நின்ற 7 மீட்டர் ஆழத்தில் அலை தரையை உணர்ந்துவிடும், வேகம் விநாடிக்கு 8 மீட்டருக்கு இறங்கிவிடும். பின்னால் வருவது வேகமாக வர, முன்னால் போவது தயங்க, அலை நெருங்கி உயர்கிறது. ஆழத்தில் முக்கால் பங்குக்கு மேல் உயரம் வந்ததும் உடைகிறது.

ஆக எங்கள் மிதவைக்கு அடியில் அந்த நாற்பது நிமிடத்தில் சுமார் 260 அலைகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், கரையை நோக்கிக் கடந்து போயிருக்கின்றன. மிதவை மேற்கே நகர்ந்தது எவ்வளவு தெரியுமா? 45 மீட்டர். சம்பா வயலில் காற்று அடித்தால் அலை இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஓடும், நாற்று நின்ற இடத்தில்தான் நிற்கும். கடல்நீரும் அப்படித்தான் ஒவ்வொரு அலைக்கும் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வருகிறது. ஆனால் வட்டம் முழுசாக மூடுவதில்லை. முகட்டில் முன்னே போவது பள்ளத்தில் பின்னே வருவதைவிடத் துளி அதிகம். 1847-இல் ஸ்டோக்ஸ் என்ற கணித அறிஞர் இதைக் கணக்கில் காட்டினார். அன்றைய அலைக்கு அது விநாடிக்கு 2 சென்டிமீட்டர் வருகிறது, நாற்பது நிமிடத்துக்கு 50 மீட்டர் அளவில். எங்கள் 45 மீட்டர் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. உடனே ஸ்டோக்ஸைப் பிடித்துவிட்டோம் என்று பையன்கள் குதித்தார்கள். காற்று ஜாரைத் தள்ளியதும் கிட்டத்தட்ட இதே அளவுதான் இருக்கும், இரண்டும் ஒரே பக்கம். இந்த மிதவையால் இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்குக் காற்று கரையிலிருந்து அடிக்கும் காலை நேரத்தில் விட வேண்டும்.

பாக்கி இருந்தது செருப்பு. அது விழுவது 800 மீட்டர் வெளியே அல்ல, முழங்கால் தண்ணீரில், அலை உடையும் இடத்தில். அங்கே மிதவை சட்டென்று உடைந்துவிடும், அதனால் சாத்துக்குடி. கிட்டத்தட்ட முழுவதும் மூழ்கியே மிதக்கும், காற்றுக்குப் பிடிகொடுக்காது, மஞ்சளாகத் தெரியும், தொலைந்தாலும் குப்பையில்லை. கரையில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பு நட்டு, அதைக் கடக்கும் நேரத்தை எண்ணினோம். சராசரி 75 விநாடி, விநாடிக்கு 0.4 மீட்டர். வெளியே இருந்த நீவாட்டைவிட வேகம்.

இது வேறு ஓட்டம். தென்கிழக்கிலிருந்து வரும் அலை கரையைச் சற்றுச் சாய்வாக மோதுகிறது. உடையும்போது தன்னிடமிருந்த உந்தத்தைத் தண்ணீரிடம் இறக்கிவைக்கிறது. கரையைப் பார்த்த பங்கு தண்ணீரைக் கரையில் ஏற்றி நிறுத்துகிறது. கரையோரமாகச் சாய்ந்த பங்கு தண்ணீரை வடக்கே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. செருப்பின் கதை இவ்வளவுதான். அது மட்டுமல்ல, மணலின் கதையும் இதுதான். கரையில் ஏறிய தண்ணீர் ஓரிடத்தில் திரண்டு கடலுக்குத் திரும்பும்போது அது இழுவை ஓட்டமாகிறது. சாத்துக்குடிகளில் இரண்டு வடக்கே போகாமல் நேராகக் கடலுக்குள் போய்விட்டன. அந்த இடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தது. குளிக்க நல்ல இடம் என்று எல்லோரும் தேர்ந்தெடுப்பது அந்த மாதிரி இடத்தைத்தான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீந்தி வெளியேற வேண்டும். இதைப் பிள்ளைகளின் நோட்டில் எழுதவைத்துக் கையெழுத்து வாங்கினேன்.

மணலுக்குச் சாட்சி வேண்டுமென்றால் புதுச்சேரிக்குப் போக வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வருடத்தில் பெரும்பகுதி வடக்கே நகரும் மணல் அதன் தெற்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ஒரு தலைமுறை புதுச்சேரிப் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் கருங்கல் குவியல்தான். 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு எஃகுத் திட்டைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இறக்கிய பிறகுதான் அங்கே மறுபடியும் மணலில் கால்வைக்க முடிந்தது. அலையின் பலத்தைக் கொஞ்சம் முன்னாலேயே உடைத்துவிட்டால் தண்ணீர் தூக்கிவரும் மணல் கீழே இறங்கிவிடும், அதுதான் தத்துவம்.

மிதவைக்கு ஆன சேதம்: கீழ் கிராஸின் ஓட்டையைச் சுற்றி ஒரு மயிரிழை விரிசல், ஒரு பாயில் ஐலெட் பிய்ந்து தாய்மாமன் ஒருவர் பாதியாகிவிட்டார். அந்த மூலைக்குச் சைக்கிள் டியூப் துண்டை இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தாயிற்று. கிராஸுக்குப் பதில் அடுத்த முறை மர உருளையில் துளையிட்டுக் கைகளைச் செருகப் போகிறோம். போன் நீங்கலாகச் செலவு அறுநூறு ரூபாய்க்குள். செய்ய நினைப்பவர்கள் ஜாரின்மேல் தொடர்பு எண்ணைப் பெயின்டில் எழுதிவிடுங்கள், வலையில் மாட்டினால் மீனவர்கள் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். படகுக்காரர் இல்லாமல் விடாதீர்கள். ஐப்பசியில் தெண்டி எடுத்ததும் மறுபடி விடுவதாக இருக்கிறோம். அதற்கு அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், கொடி கட்டாயம் வேண்டும் என்று. பாயை இன்னும் அகலமாக்கினால் ஒரு கைக்குட்டை அளவுக்கு இடம் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.